வரிப் பாக்கியும் குடியானவன் பட்ட பாடும்

கடன் பல வகைத்து. உற்றாரிடம் வாங்கிய கடன் முகத்துக்கு அஞ்சித் தீரும். செட்டும் சிக்கனமும் உடையான் வாங்கிய கடன் காலத்தில் தீரும். ஆயின் அரசிறைக்கு நின்ற பாக்கியோ இவ்விரண்டு வகையிலும் சேர்ந்ததன்று. அதனைக் குடியானவன் கேட்டு வாங்கினானல்லன். கையில் காசு கண்டு செலவிட்டானுமல்லன். வானம் பொய்த்த ஓராண்டிலோ, நெல் விலை விழுந்த ஓராண்டிலோ அது தானே முளைத்து, அடுத்த ஆண்டின் வரியோடு கூடி, மூன்றாம் ஆண்டில் மலைபோல் வளர்ந்து நிற்பது. வருவாய் சிறிது, பாக்கி பெரிது, இதற்கு யாது செய்வது என்று திகைத்து நின்றோர் நம் முன்னோரில் எத்துணையர்! அவர் என் செய்தனர், எவர் பிழைத்தனர், எவர் நிலமிழந்தனர் என்பதைச் சரித்திர வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணமுண்டு. நம் குலத்தார் ஒருவர் தமக்கு வந்த வரி நோட்டீசுகளை ஒன்றன்மேலொன்றாகப் பெட்டியில் போட்டு மூடி, மனைவி மக்களுக்கும் சொல்லாமல் இரண்டாண்டு காலம் இருந்தனர். வெளியே தெரிந்தால் மானக்கேடு என்பது அவர் கருத்து. ஏலத் தமுக்கு அடித்த நாளிலேதான் ஊர் அறிந்தது. முன்னரே நால்வர் அறிந்திருப்பின் அந்நிலம் கைவிட்டுப் போயிராது. வரிப் பாக்கி உள்ளவன் ஒழுக்கங்கெட்டவன் என்று எண்ணும் எண்ணமே அவரைக் கெடுத்தது. அவ்வெண்ணம் எத்துணைப் பிழைபட்டது என்பதைப் பழைய வரலாறு காட்டும்.

பண்டைக் காலத்து நிலை

அரசன் வரி கொள்ளும் முறையைப் பற்றிப் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு உரைத்த அறிவுரையைப் புறநானூறு கற்றோர் அறிவர். விளைந்ததை அறுத்துக் கவளமாக்கி ஊட்டின் சிறு நிலமும் யானைக்குப் பல நாளைக்கு உதவும். யானை தானே வயலிற் புகுந்தால் வாயிற் புகுவதினும் காலில் மிதிபட்டழிவது மிகுதியாகும் என்பது அதன் கருத்து. வரியின் அளவு மட்டுமன்று, வாங்கும் வகையும் குடியைக் கெடுக்கவல்லது என்பதை நம்மவர் ஈராயிரம் ஆண்டின் முன்னரே கண்டிருந்தனர்.

சோழர் காலத்தில் நிலவரி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. விளைவில் ஒரு பங்காக அரசு கொண்டதால், விலை ஏறினும் இறங்கினும் உழவனுக்குப் பெருங் கேடில்லை. ஆயினும் பாக்கி அக்காலத்தும் இருந்தது, தண்டனையும் இருந்தது. காஞ்சிக்கு அணித்தான உக்கல் என்னும் ஊரிலுள்ள திருமால் கோயிலில் முதல் இராசராசனது 24-ஆம் ஆட்சியாண்டுச் சாசனம் ஒன்றுண்டு. அஃது ஏறக்குறைய கி.பி. 1009 ஆகும். அவன் ஆட்சியின் 16-ஆம் ஆண்டு முதல் 23-ஆம் ஆண்டு வரையில், ஈராண்டு முழுமையும் இறை செலுத்தாது நின்றோரது நிலத்தை ஊராரே கொண்டு விற்றுக்கொள்ளலாம் என்பது அவ்வாணை. இதில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கன. ஈராண்டுப் பாக்கி நின்ற பின்னரே நிலம் போகும் என்பது ஒன்று. விற்போர் அரசன் சேவகரல்லர், அவ்வூராரே என்பது மற்றொன்று. ஒருவன் செலுத்தாததை ஊர் ஈடு செய்யவேண்டியிருந்தமையின், அவனது நிலைமையை ஊரும் அறிந்திருந்தது. ஊர் அறிந்திருந்தமையின், பொறுக்கத்தக்க இடத்தில் பொறுக்கவும் கூடியதாயிற்று.

மற்றொரு வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. கோயிலுக்கு நிலம் அளிப்போர், அந்நிலத்தின் வரிக்காக ஒரு தொகையைச் சபையாரிடம் முன்னரே கொடுத்து, அதன் பலிசையால் ஆண்டுதோறும் இறை இறுக்கும்படி ஏற்பாடு செய்தனர். இதற்கு இறைகாவல், இறைத்திரவியம் என்பன போன்ற பெயர்களைச் சாசனங்களில் காண்கிறோம். வரிக்கென்று ஒரு முதலை முன்னரே ஒதுக்கி வைக்கும் இவ்வறிவு நாம் மறந்துவிட்ட அறிவாகும்.

கும்பினியார் காலம்

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் கிழக்கிந்தியக் கும்பினியார் வசமாயின. கர்னல் ரீடும் அவர் கீழ்த் தாமஸ் மன்றோவும் அங்கு நிலமளந்து, ஒவ்வொரு குடியானவனோடும் நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் முறையைத் தொடங்கினர். இதுவே பின்னர் இரயத்துவாரி எனப்பட்டது. இடையில் 1802-இல் நிரந்தர ஜமீன் முறை ஏற்படுத்தப்பட்டு, சேலம் போன்ற ஜில்லாக்களில் நிலங்கள் மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விடப்பட்டன. எடுத்தவர் பலர் பேஷ்கஷ் கட்ட இயலாது தாமே பாக்கிதாரராகி மிட்டாக்களை இழந்தனர். பின் ஊர்க் குத்தகை முறை முதலில் மூன்றாண்டுக்கும் பிறகு பத்தாண்டுக்கும் விடப்பட்டு அதுவும் தவறிற்று. 1820-ஐ ஒட்டி இரயத்துவாரியே மீண்டும் நிலைபெற்றது.

இங்கே ஒரு செய்தியை விரித்துரைத்தல் வேண்டும். தத்த மண்டலம் எனப்பட்ட பல்லாரி, கடப்பை முதலிய ஜில்லாக்களை 1800 முதல் 1807 வரை ஆண்ட மன்றோ துரை, அங்கிருந்து புறப்படுங்கால், விதித்த தீர்வை குடிகள் தாங்கத்தக்க அளவினும் மிகுதி என்றும், நூற்றுக்கு 25 வீதம் குறைத்தாலன்றி நிலத்துக்கு விலைமதிப்பு உண்டாகாதென்றும் எழுதினார். குறைத்தல் அப்பொழுது நடைபெறவில்லை. அவரே 1820-இல் சென்னைக்குக் கவர்னராக வந்த பின்னர்தான் அது கைகூடிற்று. நோய் இன்னதென்று வைத்தியர் 1807-இலேயே சொல்லிவிட்டார். மருந்து வருவதற்குள் பதின்மூன்று ஆண்டு கழிந்தது. அப்பதின்மூன்று ஆண்டில் பாக்கிதாரராக எழுதப்பட்ட குடிகளைச் சோம்பரென்றும் சூதரென்றும் சொல்வது நியாயமாகுமோ? தாங்கவொண்ணாத வரியை விதித்தவர் கணக்கில் பிழை. பாக்கியோ குடியானவன் பெயரில்!

மன்றோவின் ஏற்பாட்டிலும் ஒரு கடுமை இருந்தது. ஒருவன் கட்டாது ஓடிப்போனால் அவ்வூர்க் குடிகள் தம் தீர்வையின்மேல் நூற்றுக்கு 10 வரையில் கூடுதலாகச் செலுத்தி அதனை நிரப்பவேண்டும் என்பது அது. பழைய ஊர்ச்சபையின் பொறுப்பு இவ்வுருவில் எஞ்சிற்று. சபையின் அதிகாரமோ எஞ்சவில்லை.

விலை விழுந்த கொடுமை

இரயத்துவாரியில் வரி நெல்லாக அன்றிப் பணமாகவே கொள்ளப்பட்டது. இதனால் விளைந்த கேட்டை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். ஒருவன் கிஸ்தி 20 ரூபாய் என்றும், ஒரு கலம் நெல் 2 ரூபாய் என்றும் கொள்க. அவன் 10 கலம் விற்றால் வரி தீரும். நெல் ஒரு ரூபாய்க்கு இறங்கிவிடின் 20 கலம் விற்றல் வேண்டும். சர்க்கார் கணக்கில் வரி ஒரு காசும் கூடவில்லை. அவன் குதிரிலோ வரி இரட்டித்துவிட்டது. விதைக்கும் உணவுக்கும் வைத்த நெல்லும் சந்தைக்குப் போகும். எல்லாரும் ஒரே கிஸ்தித் தவணைக்காக ஒரே காலத்தில் விற்பதால் விலை பின்னும் இறங்கும்.

இஃது உவமைக்காகச் சொன்ன கணக்கேயாயினும், 1820-க்குப் பின் ஏறக்குறைய முப்பதாண்டு காலம் இம்மாகாணத்தில் உண்மையில் நிகழ்ந்தது இதுவே. விலை உயர்ந்திருந்த காலத்து மதிப்பில் தீர்வை நிறுவப்பட்டது; விலை தாழ்ந்த காலத்திலும் அதுவே கேட்கப்பட்டது. நிலம் தரிசாய்க் கிடந்தது. குடிகள் ஊர் விட்டுப் போயினர். ஆண்டுதோறும் ஜமாபந்தியில் வஜா கொடுப்பதே வழக்கமாயிற்று. வஜா கொடுப்போர் கீழ்நிலை உத்தியோகஸ்தரின் மனம் நோக்கியே கொடுத்தமையின், கையூட்டு இன்றி அதுவும் எளிதிற் கிட்டவில்லை.

கிட்டியும் வெயிலும்

பாக்கி வசூலிக்க அக்காலத்தில் கையாளப்பட்ட வழிகளை எழுதவும் கை கூசுகின்றது. கட்டாதவனை நடுப்பகல் வெயிலில் நிறுத்துதல், தலையையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிய வைத்தல், முதுகில் கல்லேற்றுதல், கிட்டி என்னும் கருவியில் விரல்களை நெரித்தல் ஆகிய இவையெல்லாம் மிகச் சிறு தொகைகளுக்காகவும் நடைபெற்றன. தாசில்தாரிடமே வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒருங்கே இருந்தமையால், அடிபட்டவன் முறையிடவேண்டிய இடமும் அடித்தவர் இடமேயாயிற்று.

இது வெளிப்பட்ட வரலாறு நம்மனோர்க்குப் பெரிதும் பயன்படுவது. 1844-இல் 'கிரஸென்ட்' என்னும் பத்திரிகையைத் தொடங்கிய கஜுலு லட்சுமிநரசு செட்டியார், 1852-இல் சென்னையில் நேட்டிவ் அசோஸியேஷன் என்னும் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தார் நிலவரியின் பாரத்தையும் வசூலிக்கும் முறையின் கொடுமையையும் எழுதி இங்கிலாந்துப் பார்லிமெண்டுக்கு விண்ணப்பம் விடுத்தனர். 1853-இல் டான்பி ஸீமோர் என்னும் பார்லிமெண்டு அங்கத்தினர் இங்கு வந்து, செட்டியாருடன் நாட்டுப்புறங்களிற் சென்று நேரிற் கண்டனர். 1854-இல் காமன்ஸ் சபையில் இது விவாதத்துக்கு வந்தது. அதன்மேல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட விசாரணைக் குழு சென்னையில் நியமிக்கப்பட்டது. சில மாத காலத்துக்குள் 1,959 முறையீடுகள் அவர்முன் வந்தன. அவற்றுள் பலவற்றைக் கொணர்ந்தோர் ஏழை மக்களாய், தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து நேரில் வந்தவர். 1855 ஏப்ரலில் வெளிவந்த அவர் அறிக்கை, வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் சித்திரவதை நடைபெற்றமை உண்மையே என்று ஒப்புக்கொண்டது. பழியைக் கீழ்நிலைச் சேவகர் மேலேயே சுமத்தி மேலோரை விடுவித்தமை அதன் குறை. எனினும் 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டத்தால் போலீஸ் தனி இலாகாவாகப் பிரிக்கப்பட்டதற்கும், தீர்வைகள் பல ஜில்லாக்களில் குறைக்கப்பட்டதற்கும் அவ்விசாரணை ஒரு பெருங் காரணமாயிற்று.

அடிபட்டவர் அதற்கு முன்னும் ஆயிரமாயிரவர் இருந்தனர். ஒவ்வொருவரும் தனித்தனியே தம் மானத்தை எண்ணி வாய்மூடி இருந்தவரையில் ஒன்றும் நிகழவில்லை. ஒரு சங்கம் அவர் குறைகளைத் திரட்டிக் காகிதத்தில் எழுதிய பின்னரே கேட்பார் பிறந்தனர்.

1864-ஆம் ஆண்டுச் சட்டம்

அதன்பின் வசூல் முறை சட்டத்துக்கு உட்பட்டது. 1864-ஆம் ஆண்டின் 2-ஆம் சட்டமாகிய வருவாய் வசூல் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் வழங்குவதாகும். பாக்கிதாரனது அசையும் பொருளை ஜப்தி செய்து விற்றல், அசையாப் பொருளை விற்றல், இவற்றால் தீராதபோது காவலில் வைத்தல் ஆகிய வழிகளை அது கூறுகின்றது. ஆயின் காவலில் வைப்பதற்கு, இருந்தும் வேண்டுமென்றே கொடாதிருக்கிறான் அல்லது வஞ்சனை செய்தான் என்று கலெக்டர் நம்பக் காரணம் வேண்டும். ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத பாக்கிக்கு 3 மாதமும், ஐந்நூறுக்கு மேற்படாததற்கு 6 மாதமும், எத்துணைப் பெரிதாயினும் 2 ஆண்டுமே எல்லை. பாக்கியின்மேல் வட்டி நூற்றுக்கு 6. பின்னர்ச் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவின்படி, நிலம் ஏலம் போன 30 நாளுக்குள் பாக்கி முழுவதையும், ஏலம் எடுத்தவனுக்காக ஏலத்தொகையில் நூற்றுக்கு 5-ஐயும் கட்டினால் ஏலத்தை நீக்கிக்கொள்ளலாம். இல்லாதவன் வேறு, கொடாதவன் வேறு என்னும் பேதத்தைச் சட்டமே ஒப்புக்கொண்டது இதனால் விளங்கும். இல்லாதவன் தன் இல்லாமையை வெளிப்படச் சொன்னாலன்றி, இப்பேதம் அவனுக்குப் பயன்படாது.

சட்டம் வந்த பின்னும் துன்பம் ஒழிந்ததில்லை. 1876 முதல் 1878 வரையில் வந்த தாது வருஷத்துப் பெரும் பஞ்சம் குடிகளின் மாடுகளையும் கைம்முதலையும் வாரிக்கொண்டு போயிற்று. அதன்பின் 1879-80 முதல் 1889-90 வரையுள்ள பதினோராண்டின் கணக்கைப் பம்பாய்க் கவுன்ஸிலில் இருந்த ரோஜர்ஸ் துரை திரட்டிக் காட்டினார். ரொமேஷ் சந்திர தத்தரும் தம் நூலில் அதனை எடுத்தாண்டுள்ளார். சென்னை மாகாணத்தில் 8,40,713 பாக்கிதாரருடைய 19,63,364 ஏக்கர் நிலம் வரிக்காக ஏலம் போயிற்று. அதுவன்றி 29,65,081 ரூபாய் மதிப்புள்ள சொந்தப் பொருள்களும் விற்கப்பட்டன. அந்நிலத்துள் 11,74,143 ஏக்கரைக் கேட்பாரின்மையால் சர்க்காரே எடுத்துக்கொண்டனர்.

இவ்வெண்களைச் சிறிது நின்று நோக்குக. நிலத்தைத் தலைக்கு வகுத்தால் ஒருவர்க்கு இரண்டே கால் ஏக்கருக்குச் சற்று மேல் வருகின்றது. சொந்தப் பொருளைத் தலைக்கு வகுத்தால் மூன்றரை ரூபாய். மூன்றரை ரூபாய்ப் பொருள் என்பது யாது? ஒரு பித்தளைக் குடம், இரண்டு செம்பு, ஓர் ஆடு. நூற்றுக்கு அறுபது பங்கு நிலத்தை வாங்குவார் ஒருவரும் வரவில்லை என்பதால், அந்நிலம் வரியைத் தாங்கும் நிலமன்று என்பதை ஏலமே சாட்சி கூறிவிட்டது. இத்தனை இலட்சம் பெயரும் ஒழுக்கங்கெட்டவர் என்று யார் சொல்லத் துணிவர்?

பிழைத்தோர் செய்தவை

இவ்விடரினின்றும் பிழைத்தோர் என் செய்தனர்? சிலர் தாங்கமுடியாத நிலத்தின் ஒரு பகுதியைத் தவணைக்குள் ராஜிநாமா எழுதி விட்டுவிட்டு, எஞ்சியதைக் காத்தனர். எல்லாவற்றையும் பற்றி நின்றோர் எல்லாவற்றையும் இழந்தனர். சிலர் சாவி போன வயலை அறுப்புக்கு முன்னரே அதிகாரிகளுக்குக் காட்டி ஜமாபந்தியில் வஜா பெற்றனர். அறுத்த பின் அழுதவர்க்கு அது கிட்டவில்லை. சிலர் வீட்டில் ஒருவரைக் கண்டிக்கோ மலாயாவுக்கோ அனுப்பி, அங்கிருந்து வந்த பணத்தால் நிலத்தை மீட்டனர். அவர் பட்ட பாடு தனியே எழுதத்தக்கது.

பலர் செய்தது யாதெனின், சர்க்கார் பாக்கிக்கு அஞ்சி லேவாதேவிக்காரனிடம் கடன் வாங்கியதேயாம். இதுவே பெரும் பிழையாயிற்று. 100 ரூபாய்ப் பாக்கிக்கு 6 வீதம் நான்காண்டில் 24 ரூபாய் வட்டி ஆகும். அதனைத் தீர்க்க 24 வீத வட்டிக்குக் கடன் வாங்கினவன் நான்காண்டில் 96 ரூபாய் வட்டி கொடுத்தல் வேண்டும். கலெக்டர் வாசலில் நிற்கும் மானக்கேட்டுக்கு அஞ்சி, கடன்காரன் வாசலில் ஆயுள் முழுதும் நின்றவர் எத்துணையர்! இதனை உணர்ந்தே பிரடெரிக் நிக்கல்ஸன் துரை எழுதி 1895-இல் வெளிவரத் தொடங்கிய அறிக்கையில் கூட்டுறவுச் சங்கங்களே உழவர்க்கு உய்யும் வழி என்றனர். 1904-இல் அதற்குச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே செங்கற்பட்டு ஜில்லாத் திரூரில் சங்கம் ஏற்பட்டது.

1930-க்குப் பின் உலகெங்கும் விலை வீழ்ந்தபோது பழைய கதை மீண்டும் நிகழ்ந்தது. 1938-இல் இராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் செய்தது. 1932 அக்டோபருக்கு முற்பட்ட கடன்களுக்கு 1937 அக்டோபர் வரை நின்ற வட்டி நீங்கிற்று. ஜமீன் குடிகள் 1346, 1347 பசலிகளின் குத்தகையைக் குறித்த தவணைக்குள் செலுத்தின், 1345-ஆம் பசலிக்கும் அதற்கு முன்னுமுள்ள பாக்கி நீங்குமென்றும் விதித்தது. நடப்பு வரியைத் தவறாது செலுத்துவோனுக்குப் பழம்பாக்கியில் இரக்கம் காட்டலாம் என்னும் நல்ல கொள்கை இதில் விளங்குகின்றது. ஆயினும் சர்க்காருக்குச் சேரவேண்டிய வரியை அச்சட்டம் தொடவில்லை. பிறர் கடனைக் குறைத்த சர்க்கார் தம் கடனைக் குறைத்துக்கொள்ளவில்லை.

நாம் கொள்ளத்தக்கவை

இன்று நிலவரி முன்போல் பாரமுடையதன்று. வீட்டுவரி, தொழில் வரி, வியாபார வரி, வருமான வரி என வேறு வடிவங்களில் அப்பழைய இடர் வருகின்றது. சிறு வருவாயுள்ளோர் ஓராண்டுக் கணக்கில் தவறி, அபராதமும் வட்டியும் சேரக் கலங்கி நிற்பது நம்முள் புதிதன்று. அவர்க்கு மேற்கண்ட வரலாறு கூறுவன இவை.

வந்த நோட்டீசை அன்றே படித்து, கணக்குச் சரியா என்று நோக்குக. தவறிருப்பின் தவணைக்குள் எழுத்தால் ஆட்சேபம் செய்க. நடப்பாண்டு வரியை முதலிற் செலுத்துக. அது நின்றால் பழம்பாக்கிக்கு இரக்கம் கேட்க வாய் இராது. உள்ள வருவாயையும் குடும்பச் செலவையும் ஒளியாது எழுதி, இயன்ற தவணைத் தொகையைக் கேளுங்கள்; இயலாத தொகைக்கு ஒப்பித் தவறுவதினும், சிறு தொகைக்கு ஒப்பித் தவறாதிருத்தல் நன்று. எது கட்டினாலும் ரசீது பெற்று வைக்க. மிகு வட்டிக்கு வாங்கி வரிக்கடன் அடைப்பதற்கு முன் இரண்டு வட்டியையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்க. யாவற்றினும் மேலாக, தனியே இராதீர்.

உக்கல் ஊரார்க்கு ஒருவன் பாக்கி ஊர்ப் பாக்கியாயிருந்தது. நம் சங்கத்துக்கும் அவ்வாறே ஆகவேண்டும் என்று யாம் கூறவில்லை. அத்துணைப் பொருள் நம்மிடம் இல்லை. ஆயின் கணக்கறிந்த இருவர், மனு எழுத வல்ல ஒருவர், மாதம் ஒரு நாள் சங்கத்து மண்டபத்தில் அமர்ந்து, வருவோர் காகிதங்களைப் பார்த்து வழி சொல்வதற்குப் பொருள் வேண்டுவதில்லை. வந்தவர் பெயரை வெளியிற் சொல்லாத நாவடக்கம் மட்டுமே வேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாகக் கொணர எண்ணியுள்ளோம். பெட்டிக்குள் நோட்டீசு வைத்திருப்போர் எவரேனும் இதனைப் படிப்பாராயின், அதற்குள் ஒரு நாள் அப்பெட்டியைத் திறந்து, நம்பத்தக்க ஒருவரிடமேனும் அதனைக் காட்டுமாறு வேண்டிக்கொள்கிறோம்.